ஏழுக்கு ஒரு சட்டம்

மன்னரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அவரைக் கண்டு நடுங்கும் வழக்கமுள்ள நாடு ஒன்று இருந்தது. அங்கே வடகரைக்கும் தென்கரைக்கும் குடிக்க ஒரே ஏரி.

தில்லைநாயகி அந்நாட்டின் நீராய்வாளர். அவளுடைய பிஎச் அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கிப் பதினான்கில் முடியும். நடுவிலிருக்கும் ஏழு நடுநிலை. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். மன்னரின் மைத்துனர் வடகரையில் திராவக ஆலை திறந்ததும் ஏரி நான்குக்கு இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. அவள் அரசவைக்கு விரைந்தாள்.

“ஏழுக்கும் நான்குக்கும் மூன்றுதானே வித்தியாசம்? இதற்கா இத்தனை பதற்றம்?” என்றார் நீர்வள அமைச்சர்.

“ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும், அமைச்சரே. மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு.”

மன்னர் முகம் மலர்ந்தது. மறுநாள் சுவரெங்கும் எழுதியிருந்தார்கள்: ‘நமது ஆட்சியில் ஆயிரம் மடங்கு உயர்வு!’

மீனவர்கள் முணுமுணுக்கவே, அடுத்த ஆணை பிறந்தது. தென்கரையில் சலவைக்காரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். அங்கே அளவு பத்துக்கு ஏறியது. தண்ணீரைத் தொட்டவர்களின் கைத்தோல் உரிந்தது.

“வடக்கே நான்கு, தெற்கே பத்து. கூட்டி வகுத்தால் ஏழு! நடுநிலை கண்ட நாயகர் நம் மன்னர்!” என்று அமைச்சர் முழங்கினார். வெற்றி விழாவும் குறித்தாயிற்று. தில்லைநாயகி மேடையேறிச் சான்று கூற வேண்டும், மறுத்தால் சிறை.

விழா நாளில் அவள் மேடையேறினாள். செம்பருத்தி இதழ் ஊறிய நீரையும் இரு கரைத் தண்ணீரையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். வடகரைத் தண்ணீரில் ஊற்றினாள், சிவந்தது. தென்கரைத் தண்ணீரில் ஊற்றினாள், பச்சையானது.

“செவப்புன்னா அமிலம், பச்சைன்னா காரம். உங்க வீட்டுப் பூவே சொல்லும். நீங்களே ஊத்திப் பாருங்க!” என்றாள்.

செம்பருத்தி தேசவிரோதப் பூ என்று அங்கேயே அறிவிக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து மீன்காரி முத்துப்பேச்சி எழுந்தாள்.

“செடியப் புடுங்க வர்றவன் மொதல்ல எங்க ஏரித் தண்ணிய ஒரு சொம்பு குடிச்சுட்டு வரட்டும்!”

காவலர்கள் அசையவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான். தென்கரையார் உரிந்த கைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மறுகரை செழிப்பாக இருப்பதாகவே அதுவரை நம்பியிருந்த வடகரையார் எழுந்து அவர்கள் பக்கம் நகர்ந்தார்கள். பிறகு இரு கரையும் ஒன்றாகத் திரண்டு போய் ஆலையின் கழிவு மதகை அடைத்தது. அடுத்து வந்த தேர்தலில் மன்னருக்கு அவர் மைத்துனரே வாக்களிக்கவில்லை.

புதிய அரசின் முதல் கூட்டம். “இன்று முதல் ஏரியின் அளவு ஏழு” என்ற தீர்மானம் பலத்த கரவொலியோடு ஒருமனதாக நிறைவேறியது.

“இரு கரை நீரும் கலந்தும் இன்னும் ஐந்துதான்” என்றாள் தில்லைநாயகி.

“அம்மணி, வாக்கெடுப்பில் ஏழு வந்துவிட்டதே!” என்றார் புதிய அமைச்சர்.

வாசலில் நின்ற கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது.

“அஞ்சுன்னா அஞ்சுதான். எழுதுங்கய்யா,” என்றாள் முத்துப்பேச்சி. “மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

அமைச்சர் தொண்டையைச் செருமினார். ஏழு என்பதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். அந்நாட்டு வரலாற்றில் ஓர் அரசு உண்மையான எண்ணை எழுதியது அதுவே முதல் முறை. அன்று இரு கரையிலும் மக்கள் கொளுத்திய வெடியின் சத்தம் பக்கத்து நாட்டு அரசவைகளில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது.