பாசிமணிக் கம்பித் தேர்வு உபகமிட்டி

உலகத்தில் எத்தனையோ தேசங்கள் சுதந்திரம் பெற்றிருக்கின்றன. ஆனால் சுதந்திரத்துக்குப் பொருத்தமான கம்பி எது என்று கமிட்டி போட்டு ஆராய்ந்த ஊர், மலாக்காவில் எங்கள் காஜா பெராங் ஒன்றுதான். அந்தக் கமிட்டியின் காரியதரிசி, கலியாணசுந்தரம் என்கிற நான். தற்பெருமை இல்லை, குறிப்புப் புத்தகம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆகஸ்டு மாதம். மெர்டேக்கா என்கிற சுதந்திர தின ஊர்வலத்தில் எங்கள் தமிழர் சங்கத்தின் சார்பில் நாற்பது பிள்ளைகள் தலையில் பாசிமணிப் பூ வைத்துக்கொண்டு நடப்பதாக முடிவாயிற்று. பூ செய்பவர், செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்துப் பொன்னம்மா. மலாக்காச் செட்டிகள் எங்களுக்கெல்லாம் பல தலைமுறை முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கோயில் உண்டு, திருநீறு உண்டு, பேச்சு மட்டும் மலாய். அந்தக் கம்பத்தில் எந்தக் கல்யாணப் பெண்ணின் கொண்டையில் பூ ஆடினாலும் அது பொன்னம்மா கைவேலை. ஊர்வலம் முடிந்ததும் மேடையில், ஒலிபெருக்கியில், அவர் பேரைச் சொல்லிப் பாராட்டுவதாகத் தலைவர் ராஜரத்தினம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. பேரைச் சொன்னால் போதும் என்றார்.

"பூ கட்டக் கம்பி வேணும்" என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஒன்பது பேர் கொண்ட உபகமிட்டி பிறந்துவிட்டது. முதல் தீர்மானம்: நடவடிக்கைகள் யாவும் 'தூய தமிழில்' நடைபெறும், பிற மொழியில் சொல்லப்படுவது எதுவும் குறிப்பில் ஏறாது.

"ஐ செகண்ட் இட், சேர்மன்!" என்றார் உறுப்பினர் பொன்னுதுரை.

ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டாம் கூட்டத்தில் மூன்று கம்பிகள் மேசைக்கு வந்தன. முதலில், வேலி கட்டுகிற இரும்புக் கம்பி. அதில் மணி நுழையவில்லை. பொன்னுதுரை பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். மணி நொறுங்கிப்போனது.

"மணியோட தப்பு" என்றார். அதுவும் குறிப்பில் ஏறியது.

அடுத்தது பித்தளை. தலைவர் பிடித்து வளைத்தார். வளைந்து கொடுத்தது. விட்டதும் துள்ளி நிமிர்ந்து, அவருடைய ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது.

"என்னய்யா இது, தலைவரையே எதிர்க்குது!" என்று கொதித்தார் பொன்னுதுரை.

பித்தளைக் கம்பி மீது கண்டனத் தீர்மானம்.

செம்புக் கம்பி அப்படியா? தங்கமான கம்பி! சொன்ன பக்கமெல்லாம் வளைந்தது. தலைவர் ஒரு முழம் வெட்டியெடுத்து, 'ரா' என்று தம் முதலெழுத்தையே செய்து மேசையில் நிறுத்தினார். நாங்கள் எட்டுப் பேரும் கைதட்டினோம். என்ன பணிவு, என்ன ஒத்துழைப்பு!

கதவோரம் நின்றிருந்த பொன்னம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தாக் போலே, துவான்."

ஆகாது ஐயா என்று அர்த்தம். செம்பு இளக்கமானது, கொஞ்ச தூரம் நடந்தாலே பூ தலையைத் தொங்கப் போட்டுவிடும், பித்தளைதான் ஆடினாலும் நிமிர்ந்து நிற்கும் என்று மலாயிலேயே மளமளவென்று சொன்னார். எங்கள் ஒன்பது பேருக்கும் மலாய் தண்ணீர் பட்ட பாடு. பாசாரில் மீன் பேரம் பேசுவது அதில்தான், பக்கத்து வீட்டோடு சண்டை போடுவதும் அதில்தான். ஆனால் முதல் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"அதைத் தமிழ்ல சொல்லும்மா" என்றார் தலைவர்.

அந்தம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "தம்பி..." என்றார். அவரிடம் இருந்த தமிழ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் மொழிபெயர்த்திருக்கலாம். ஆனால் காரியதரிசி குறுக்கே பேசுவது முறையல்ல. 'உறுப்பினர் அல்லாத ஒருவர் இருமினார்' என்று எழுதிக்கொண்டேன்.

செம்பு வென்றது.

கொடுத்த செம்புக் கம்பி முப்பத்தொன்பது பூவுக்குத்தான் வந்தது. மிச்சம் தலைவர் மேசையில் 'ரா'வாக நின்றுகொண்டிருந்தது. நாற்பதாவது பூவைப் பொன்னம்மா வீட்டில் கிடந்த பித்தளைத் துண்டில் கட்டி, கடைசியாக மிஞ்சிய பிள்ளையான தன் மகள் விஜயாவுக்கு வைத்துவிட்டார்.

ஊர்வலம் ஜாலான் பெண்டஹாரா வீதியைத் தாண்டுவதற்குள் முப்பத்தொன்பது பூக்கள் இறங்கிப் பிள்ளைகளின் மூக்கை எட்டிவிட்டன. ஒரு பையன் தும்மிக்கொண்டே வந்தான். விஜயாவின் பூ மட்டும் ஜம்மென்று ஆடிக்கொண்டு நின்றது. ஜனங்கள் கையை நீட்டி நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

மேடையில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். முன்வரிசையில் பொன்னம்மா புதுக் கெபாயாச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உபகமிட்டியின் ஒன்பது பேருக்கும் பேர் பேராக நன்றி சொன்னார் தலைவர். அத்தோடு சரி. என் பேர் வந்தபோது நானும் எழுந்து கும்பிட்டேன்.

அன்று மாலையே விசாரணைக் கூட்டம்.

"தன் பிள்ளைக்கு மட்டும் நல்ல கம்பி! அப்போ எது நல்ல கம்பின்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு!" என்று மேசையைத் தட்டினார் பொன்னுதுரை.

தெரிந்திருந்ததுதான் குற்றம். தீர்மானத்தை என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்: 'செட்டி கம்பம் பொன்னம்மா என்பவர், சங்கம் நிராகரித்த பித்தளைக் கம்பியைத் திருட்டுத்தனமாகப் புகுத்தி, சங்கத்தின் மானத்தைக் கப்பலேற்றினார். இனி அவருக்கு எப்பணியும் அளிக்கப்பட மாட்டாது.'

மறுநாள் பொன்னம்மா ஒரு தட்டு நிறையக் குவே பலகாரம் எடுத்துக்கொண்டு, மகளோடு சங்கத்துக்கு வந்தார். மேடையில் நேரம் போதாமல் போயிருக்கும், பரவாயில்லை தம்பி, புத்தகத்திலாவது என் பேர் ஏறியிருக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

"இருக்கு" என்றேன், அதே மலாயில்.

எங்கே என்றார். பக்கத்தைத் திருப்பி, பேர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அந்தம்மா அந்த எழுத்துகளை மெதுவாகத் தடவிப் பார்த்தார். விஜயாவைக் கூப்பிட்டு அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

தூய தமிழின் மேன்மை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அதில் ஒருவரைத் திருடி என்று எழுதலாம், எழுதியதை அவரிடமே காட்டலாம், காட்டிவிட்டு அவர் கையாலேயே குவே வாங்கிச் சாப்பிடலாம்.