பசைக் கிராணி ஒட்டிய படங்கள்

கடிதத்தில் படம் சேர்க்கும் வித்தையை உலகத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் பசைக் கிராணி. கணினிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் மகள் மின்னஞ்சலில் 'பிறந்தநாள் வாழ்த்து' என்று இரண்டு சொல் எழுதி, பக்கத்தில் ஒரு கேக், நான்கு பலூன், கண்ணடிக்கும் கரடி ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறாள். "எவ்ளோ ஈசி பாருங்கப்பா" என்கிறாள். ஈசிதான். எழுபதுகளின் நடுவில் கேமரன் மலையில் இதே வேலைக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு பால் டின் நிறைய மரவள்ளி மாவுப் பசை, தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்பு ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. அடுப்பு எதற்கென்றால், அந்த மலையின் ஈரத்தில் பசை லேசில் காயாது. கிராணி கடிதத்தைக் கொண்டுபோய் அடுப்பின் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் தோட்டத்துத் தபாலைக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பேச்சு.

எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. மூன்று ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசை. மதியச் சாப்பாடும் பெரும்பாலும் அவர் வீட்டில்தான். ஓய்வு நேரத்தில் கோலாலம்பூர்த் தமிழ் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவருடைய வேலைக்கு உலை வைத்தது நான்தான். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு அவரைப் பற்றி ஒரு மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசலாம். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன்.

குள்ளமான மனிதர். சட்டைப் பைகள் எப்போதும் வெட்டிய படங்களால் புடைத்திருக்கும். அவர் கண்ணில் பட்ட எந்தத் தீப்பெட்டியும் மேலட்டையோடு பிழைத்ததில்லை. பிஸ்கட் காகிதம், பிரிஞ்சாங் கடைகளில் விற்கும் விதைப் பொட்டலம், துரை பங்களாவிலிருந்து கழித்துப்போட்ட ஆங்கில வார இதழ் எல்லாம் அவருக்குச் சொத்து. தானா ராத்தா முடிதிருத்தும் கடையில் அவர் தலை தெரிந்தால், முதலில் காலண்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத்தான் நாற்காலியைத் தட்டிப் போடுவார்கள்.

தோட்டத்துக்கு நாற்பது ஜோடி ரப்பர் சப்பாத்து கேட்டு ஒருமுறை தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். எழுதியதோடு விட்டாரா? துரைசாணியின் பழைய இதழிலிருந்து ஒரு பெண்ணை முழங்காலோடு நறுக்கி ஓரத்தில் ஒட்டினார். சிவப்புச் சப்பாத்து, மூன்றங்குலக் குதிகால். பத்து நாளில் பதில் வந்தது. படத்தில் உள்ள மாதிரி கையிருப்பில் இல்லை, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்தக் குதிகால் அவசியமா என்பதை விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள். துரை போட்ட சத்தம் தொழிற்சாலை இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"சப்பாத்துன்னா என்னான்னு கோலாலம்பூர்ல உள்ளவனுக்கு எப்படி தம்பி தெரியும்? அவன் சேத்துல நடந்தானா?" என்றார் என்னிடம், கொஞ்சமும் அசராமல்.

வயிற்றுவலிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்தார். அதில் குழந்தை மருந்துப் புட்டியில் சிரிக்கும் கொழுகொழுக் குழந்தை. துரை அதன்மேல் 'வாழ்த்துகள். ஆணா, பெண்ணா?' என்று எழுதி மூன்று நாள் விடுப்புத் தந்தார்.

"வவுத்து வலிக்கு வவுத்தப் போயி எங்கண்ணு தேடுறது? மருந்து பாட்டல்ல இதான் இருந்துச்சி."

நான்காம் நம்பர் தேயிலைக் காட்டில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறார்கள், யாரும் உள்ளே போகக் கூடாது என்று அறிவிப்பு. எச்சரிக்கைக்கு மண்டையோடு தேடினார், கிடைக்கவில்லை. சினிமா வில்லன் ஒருவனின் முகத்தை, பல் தெரியச் சிரிப்பதை, ஒட்டிவிட்டார். சாயங்காலம் நான்காம் நம்பர் ஓரத்தில் முப்பது பேர் பாயும் கச்சான் கடலையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கங்காணி அவசரமாக வந்து கேட்டார்.

"ஐயா, படம் எத்தன மணிக்கு?"

"படமில்லலா, வெசம்! எல்லாரையும் எழுப்பு!"

"வில்லன் படமா இருந்தாலும் பரவால்லீங்க, பாத்துட்டுப் போறோம்."

இதெல்லாம் தோட்டக் காகிதத்தில். இது போக, தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் ஊருக்கு எழுதும் கடிதங்களையும் அவர்தான் எழுதுவார், வருவதையும் அவர்தான் படித்துச் சொல்வார். எழுதுவதிலும் ஒட்டுவார். படித்து முடித்ததிலும் ஒன்றை ஒட்டித்தான் திருப்பிக் கொடுப்பார். ஏரோகிராமுக்குள் எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் விமானத்தில் போகாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். இவர் ஒட்டிய கனத்தில் அவை கப்பலில் போயின. பிள்ளை பிறந்ததென்று எழுதிய கடிதத்துக்கு வாழ்த்து வந்தபோது, பிள்ளை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது.

"கப்பல்ல போனா என்னா? புள்ள எங்கயும் ஓடிறப் போறதில்ல" என்றார்.

இவ்வளவு சரக்கைப் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டு ஒரு நிருபனால் சும்மா இருக்க முடியுமா? நான் இருக்கவில்லை. அரைப் பத்தி எழுதி அனுப்பினேன். பெயர் போடவில்லை, தோட்டத்தின் பெயரும் போடவில்லை. 'கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில்' என்று ஆரம்பித்தேன். சப்பாத்தை வைத்தேன், குழந்தையை வைத்தேன், வில்லனை வைத்தேன். நாற்பது ஜோடி சப்பாத்தை அறுபது ஆக்கினேன், அறுபது என்றால் இன்னும் சிரிப்பு வரும் என்பதற்காக. 'இவருக்குப் பிடித்திருப்பது படமா, பைத்தியமா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்' என்று முடித்தேன். அந்த வரியை எழுதியதும் எழுந்து போய் ஒரு தேநீர் குடித்தேன். அவ்வளவு திருப்தி.

பேப்பர் மதியப் பேருந்தில் மேலே வந்தது. அன்று சாயங்காலம் லயம் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் கிராணி தன் மேசையில் அதை விரித்து நிதானமாகப் படித்தார், மடித்தார், என் பக்கம் திரும்பாமல் மேசையின் ஓரத்தில் வைத்தார். எந்தக் காகிதத்தையும் முழுதாக விடாத மனிதர் அதில் மட்டும் கத்தரி வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனிப்பதில் நான் கெட்டிக்காரன்.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யாரோ என் அரைப் பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலே கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியைச் சந்தி சிரிக்க வைத்த கிராணியை விசாரிக்கவும், உண்மை என்றால் வேலையிலிருந்து நீக்கவும். வேலை போனால் தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மூன்று பெண் பிள்ளைகள். அன்று மதியமும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அக்கா வழக்கம்போல இரண்டாம் முறை சோறு வைத்தார். நானும் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

விசாரணை சனிக்கிழமை காலை. துரை உட்கார்ந்திருந்தார், கிராணி நின்றிருந்தார், குறிப்பு எழுத நான்.

படம் ஒட்டுவது உண்மையா என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். உண்மை என்றார் கிராணி. ஏன்? "தேடினால் கிடைப்பதற்கு, சார்." துரைக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கிராணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கொழுந்து நிறுக்கும் வரிசையில் அஞ்சலை நின்றிருந்தாள். கணவனில்லாதவள், முப்பது வயதிருக்கும், வாய்க்குப் பயந்து கங்காணியே நாலடி தள்ளி நிற்பார்.

"அஞ்சல! ஒன் கடுதாசி டின்ன எடுத்துட்டு ஓடியா!"

லயத்துக்கு ஓடிப்போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். உள்ளே பன்னிரண்டு கடிதங்கள். துரை ஒன்றை உருவினார். முதல் பக்கத்தின் மூலையில் ஒரு முள்ளங்கி. இந்த முள்ளங்கி எதற்கு என்று கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

"முள்ளங்கி இல்லீங்க தொரை. அது எங்கக்கா."

துரை என்னைப் பார்த்தார். அது முள்ளங்கி அல்ல, அவளுடைய அக்கா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் தவறு ஏதும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒசரமா, வெள்ளையா இருப்பா. ஊர்ல இருக்கா. கீழ வெளக்கு ஒட்டியிருக்குல்ல? வெளக்குன்னா சாவு. அவ மாமியா செத்துப் போன கடுதாசி அது. நல்ல சாவுதான், தொரை மூஞ்சியத் தூக்கி வச்சிக்க வேணாம்."

அடுத்தது தீப்பெட்டி யானை.

"அது பத்து காஜாவுல உள்ள எந்தம்பி."

பத்து காஜா ஓர் ஊர்; காஜா என்றால் மலாயில் யானை. துரைக்கு மலாய் தெரியும். மீசைக்குள் சிரித்தார். கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். எழுத்து ஒன்றுகூட அறியாத அஞ்சலை, யார் எழுதியது, என்ன சேதி, எந்த வருஷம் என்று படத்தைப் பார்த்தே பதினொரு கடிதங்களைச் சொன்னாள். பன்னிரண்டாவதில் படம் இல்லை.

"இது?"

"அதாங்க தெரியல. ஐயா லீவுல போனப்ப சின்ன ஐயா படிச்சிக் காட்டுனது." என்னைக் கையால் காட்டினாள். "படிச்சாரு, குடுத்தாரு, போயிட்டாரு. இப்ப எது என்னா சேதின்னு புடிபடல. தூக்கிப் போடவும் மனசில்ல."

மூன்று ஆண்டுகள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஏன் ஒட்டுகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. துரை ஐந்தாவது நிமிடத்தில் கேட்ட கேள்வி அது. ஊர் முழுக்க விசாரித்துச் செய்தி எழுதுகிறவன் நான்.

துரை பேப்பரை எடுத்துப் போட்டார். இதை எழுதியது யார், இந்த அலுவலகத்திலிருந்தா போனது என்றார். என் பேனா நின்றது. கிராணி பேப்பரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெளியாள், சார். சப்பாத்து அறுபது என்று போட்டிருக்கிறான். நாம் கேட்டது நாற்பது. நம் அலுவலகத்து ஆளாக இருந்தால் இந்தத் தப்பு வராது."

நான் அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

வேலை போகவில்லை. ஆனால் தலைமை அலுவலகத்துக்கு ஏதாவது ஒரு தண்டனையைக் காட்ட வேண்டியிருந்தது. தோட்டக் காகிதத்தில் இனி படம் கூடாது, மேல் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றம் என்று முடிவானது. திங்கட்கிழமை அவருடைய நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிஷனுக்கு ஏறிப் போனேன். புது வீட்டின் வாசலில் உட்கார்ந்து ஒரு சோப்பு விளம்பரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பேப்பர்ல..."

"டீ குடி தம்பி."

"இல்லண்ணே, அத எழுதுனது..."

"சீனி போதுமா பாரு."

மூன்றாம் முறை வாயெடுத்தபோது கத்தரியைக் கீழே வைத்தார். "நீ பேப்பருக்கே போயிருலா. இங்க ஒனக்கு ஓடாது. போனா பழைய புஸ்தகம் அனுப்பி வை, கலர் படம் உள்ளதா."

போனேன். ஆசிரியரிடம் என் திறமைக்குச் சான்றாக நான் காட்டியது அந்த அரைப் பத்திதான். அவர் வாய்விட்டுச் சிரித்து வேலை கொடுத்தார். மாதந்தோறும் பழைய இதழ்களை ஒரு கட்டாகக் கட்டிப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். கூட ஒரு கடிதம். அதில் மழை, வேலை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் இருக்கும். எழுத வேண்டியது மட்டும் இருக்காது. பத்தாண்டுகளுக்கு மேல் இப்படி ஓடியது.

எண்பதுகளின் பின்பாதியில் அவர் இறந்துபோனார். எனக்குத் தகவல் வரவே மூன்று வாரமாகிவிட்டது. போனபோது அக்கா திரிங்காப்பில் மூத்த மகள் வீட்டில் இருந்தார். பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு பால் மாவு டின்னைக் கொண்டுவந்தார். அக்காவுக்கு எழுத்து வாசனை கிடையாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அத்தனை நாள் அந்தக் கையால் சாப்பிட்டவன். டின்னிலிருந்து ஒரு கட்டைத் தயங்காமல் பிரித்து எடுத்தார்.

"இது பூரா ஒங்க கடுதாசிதான் தம்பி."

ஒவ்வொன்றின் மூலையிலும் விதைப் பொட்டலத்திலிருந்து வெட்டிய ஒரே படம். காலிபிளவர். நூற்றுக்கும் மேற்பட்ட காலிபிளவர்கள்.

அஞ்சலையின் அக்காவை முள்ளங்கியாக்கினவர் காரணமில்லாமல் எதையும் ஒட்டமாட்டார் என்பதை அந்த விசாரணையில் பார்த்தவன் நான். வெளியே வெளுப்பு, பிரித்தால் உள்ளே புழு. அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். நியாயம்தான் என்றும் பட்டது. இருந்தாலும் கேட்டேன். இந்த முறையாவது கேட்டுவிட வேண்டும்.

"அக்கா, எனக்கு ஏன் காலிபிளவர் ஒட்டுனாரு?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இது என்னா கேள்வி தம்பி? அவருக்கு அதுன்னா உசுருல்ல. தெனம் ஆக்கிப் போட்டாலும் சலிக்க மாட்டாரு."