மலையைச் சுற்றி நான் வெட்டிய ஏரி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வேங்கிக்காலில் மாடி வீடு. சொந்தமாக இரண்டு பொக்லைன். கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் பதினொரு ஏரிக்குக் கரை. ஒரு கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் (மேலே கட்டியவன் வேறு ஆள். சுவரில் விரிசல் விட்டது அவன் பங்கு). எல்லாம் காலால் நடந்து, கண்ணால் அளந்து செய்தது. ஆனால் நான் வெட்டியதிலேயே பெரிய ஏரியை மட்டும் என் வீட்டில் யாரும் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அண்ணாமலையார் மலையையே உள்ளே வைத்து, மண்வெட்டி தொடாமல், ஒரே நாளில் நான் வெட்டிய ஏரி அது.

என் மருமகள் சுகன்யா, நீர்நிலைகளை வரைபடத்தில் ஏற்றும் அரசு அலுவலகம் ஒன்றில் மேப்பிங் அனலிஸ்ட். (எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. கேட்பவர்களிடம் 'மேப்பு ஆபீசர்' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.) ஒப்பந்த வேலை. அந்த மாதத்தோடு முடிகிறது. கலெக்டர் ஆபீசில் புதன்கிழமை நடக்கும் கூட்டத்தில் மேப்பைக் காட்டி, பெரிய அதிகாரிக்குப் பிடித்தால்தான் அடுத்த வருஷமும் வேலை உண்டு. ஒரே ஒரு ஏரி பாக்கி இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

"நான் போறேன்"னு எழுந்தேன். எனக்கு வீட்டில் உட்கார்ந்தால் நாற்காலி சுடும். அதுவும் அந்த ஏரிக்கரை நான் போட்டது.

கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றை சுகன்யா என் கையில் கொடுத்தாள். சுமப்பவன் எங்கே நடந்தாலும் அது கோடு போட்டுக்கொண்டே வரும். நின்றால் அந்த இடத்தில் புள்ளிகள் குவிந்து முடிச்சு விழும். கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீர் என்று கம்ப்யூட்டர் நீலம் அடித்துவிடும்.

"மாமா, தண்ணி வழியிற கலங்கலாண்ட நின்னு பச்சை பட்டன். ஏரிய ஒரு சுத்து சுத்தி அதே எடத்துக்கு வந்து செவப்பு பட்டன். செவப்பு முக்கியம் மாமா, மறந்துடாதீங்க."

"ஏம்மா, பொக்லைன் ஓட்டினவனுக்கு ரெண்டு பட்டன் சொல்லித் தரியா?"

"ஒருவாட்டி திருப்பிச் சொல்லுங்க."

நான் அதற்குள் தெருவில் இருந்தேன்.

ஏரியைப் பத்தரை மணிக்குள் சுற்றி முடித்தேன். எதிரே என் பொக்லைனை ஓட்டிய பழைய டிரைவர் ஒருவன் வந்தான். நின்று, அந்தக் கரை என் கரை என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் கருவியைச் சட்டைப்பையில் போட்டு வண்டியைக் கிளப்பினேன். சிவப்பு பட்டன் அங்கேயே மறந்து போயிற்று.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போய்? காய்ச்சல்காரியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கால் ஒப்பவில்லை. கூட்டம் கம்மியான நாள், மருமகள் வேலைக்காக ஒரு கிரிவலம் போவோம் என்று செருப்பை வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு நடந்தேன். எட்டு லிங்கத்திலும் நின்று, "சாமி, அந்தப் பொண்ணு வேலைய காப்பாத்து"ன்னு மனசார வேண்டினேன். நான் வேண்ட வேண்ட, பையில் இருந்த கருவி அந்த வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்து வீட்டு வாசலில் கருவியை எடுத்தேன். பச்சை விளக்கு இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பை அமுக்கினேன்.

"கரெக்டா நிறுத்தினீங்களா மாமா?"

"அதெல்லாம் நிறுத்திட்டேன்."

(பொய் இல்லை. நிறுத்தினேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.)

அவள் காய்ச்சலோடு படுத்தபடியே கோடு முழுவதையும் ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே இருந்தவர் மேப்பில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் வண்டியில் அவளைக் கூட்டிப் போனது நான்தான். கூட்ட அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். திரையில் ஏரிகள் ஒவ்வொன்றாக வந்தன. அதிகாரி தலையாட்டினார். கடைசி ஏரி வந்தது. அறை முழுக்க நீலம்.

ஒரு குட்டி வட்டம், அதிலிருந்து நீண்ட வால், வாலின் நுனியில் ராட்சச வட்டம். கரண்டியைப் பார்த்தது போல இருந்தது. கரண்டிக் குழிக்குள் மலை, ஆசிரமம், பாதி ஊர்.

"ஏம்மா, கார்த்திகைக்கு தீபம் எப்படி ஏத்துறது? கப்பல்ல போயா?" என்றார் அதிகாரி.

முன்வரிசையில் ஒரு கிளார்க், உள்ளூர் ஆள், எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து முடிச்சுகளை எண்ணினார். "இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம்... சார்! இது கிரிவலப் பாதை சார்! யாரோ ஏரிய எடுத்துக்கினு கிரிவலம் போயிருக்காங்க!"

அறை சிரித்தது. சுகன்யா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போய், "தப்பு என்னுது சார். சரிபார்க்காம அனுப்பிட்டேன்" என்றாள். மாமனார் என்று ஒரு வார்த்தை இல்லை. அதிகாரி அவள் ஃபைலை மூடி ஓரமாகத் தள்ளினார்.

பதினொரு ஏரிக்குக் கரை போட்டவன் கடைசி வரிசையில் ஒளிந்திருப்பதா? எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"சார், நடந்தது நான். அந்தப் பொண்ணு செவப்பு பட்டன் முக்கியம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. நான்தான் அமுக்கல. அப்புறம் அமுக்கிட்டேன்னு ஏமாத்தினேன்."

"நீங்க யாரு?"

"மாமனார்."

கிளார்க் விடவில்லை. "லிங்கம் எட்டுதான். ஆசிரமத்தாண்ட ஒம்பதாவதா ஒரு பெரிய முடிச்சு இருக்கே பெரியவரே, அங்க இன்னா சாமி?"

"அது... வெள்ளைக்காரங்க வர்ற காபிக் கடை."

"எவ்ளோ நேரம் மாமா?" சுகன்யா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். எனக்குச் சர்க்கரை வியாதி.

"கேக்கு சின்னதும்மா."

அதிகாரியே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பேனாவால் நிருதி லிங்கத்தைத் தாண்டி ஒரு இடத்தைக் காட்டினார். கோடு சாலையை விட்டு மலைப்பக்கமாக உள்ளே போய்த் திரும்பியிருந்தது. "இது? இன்னொரு கேக்கா?"

"இல்ல சார். அங்க மலைத்தண்ணி ஏரிக்கு வர்ற கால்வாய் ஒண்ணு இருந்திச்சு. முன்ன என் பொக்லைன்தான் தூர் எடுத்திச்சு. இப்ப முள்ளு மூடிக் கெடக்கு. இருக்குதான்னு உள்ள போய் பார்த்தேன். இருக்கு."

அதிகாரி சுகன்யாவைப் பார்த்தார். அவள் மேப்பைப் பெரிதாக்கினாள். அந்த இடத்தில் கால்வாய் இல்லை. பழைய மேப்பைத் திறந்தாள். அதிலும் இல்லை.

அன்று மத்தியானமே காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவள் என்னோடு அந்தக் கால்வாய்க்கு வந்தாள். நான் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன், அவள் கருவியோடு பின்னால். முடிந்ததும் சிவப்பு பட்டனை என் கண்ணெதிரே அமுக்கி, "பாத்துக்கங்க மாமா, இதான் நிறுத்துறது" என்றாள். அடுத்த நாள் ஏரியையும் அவளே சுற்றி வந்தாள். ஒரு வாரத்தில் வேலை நீட்டிப்பு வந்தது.

இப்போது நான் வாசலைத் தாண்டினால் போதும், "அப்பா, பட்டன்!" என்று என் மகன் உள்ளிருந்து குரல் கொடுக்கிறான். குழாயில் தண்ணீர் வராத நாளில் என் மனைவி, "ஏங்க, உங்க ஏரில ஒரு கொடம் மொண்டுக்கினு வாங்க" என்கிறாள். சிரிக்கட்டும்.

ஆனால் ஒன்று. அச்சடித்த மேப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கால்வாய் அதில் நீலக் கோடாக ஓடுகிறது. கீழ் மூலையில் 'களத் தரவு: சுகன்யா' என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் காலியாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

"உங்க பேரப் போட்டா, மலைய முழுகடிச்சவர்னும் போடணும் மாமா" என்கிறாள்.

போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னால், அதே அளவு எழுத்தில், 'நடந்து கண்டுபிடித்தவர்: மா. ஏழுமலை, நாலாம் வகுப்பு' என்று இருக்க வேண்டும். அடுத்த அச்சில் வரவில்லையென்றால் நானே பேனா எடுத்து எழுதிவிடுவேன்.