நாற்பத்தொன்றாம் வீட்டுச் சண்டை

வெள்ளிக்கிழமை காலை என்றால் மலைச்சரிவுக் குடியிருப்பில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். கையில் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நடப்பார்கள். இருமல் வந்தால் துணியை வாயில் அடைத்துக்கொள்வார்கள். கீழே டவுனிலிருந்து வேன் பிடித்து வரும் கூட்டமும் அப்படியே. நானூறு பேர் நிற்கிற இடத்தில் ஒரு கொசு பாடினால் கேட்கும். மலை தூங்குகிறதாம். எழுப்பிவிடக் கூடாதாம்.

பத்து மணிக்கு வெள்ளைக் கார் வரும். மலைச்செவியார் இறங்குவார். வெல்வெட் பெட்டியைத் திறந்து இரண்டடிப் பித்தளைக் குழலை எடுப்பார். ஒரு முனையைப் பாறையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். மலை பேசும், இவர் கேட்பார். மலைக்கு இவரைத் தவிர வேறு யாரிடமும் பேசப் பிடிக்காதாம். அதன் ரசனை அப்படி, நாம் என்ன செய்ய முடியும்?

"ஒன்பதாம் நம்பர் வீடு," என்பார் கண்ணைத் திறக்காமலே. "முன்னறை ஜன்னலுக்குக் கீழே விரிசல். நாள் முழுக்க அந்த வீட்டுல மிஷின் ஓடுது. மலைக்கு மண்டையிடி."

ஒன்பதாம் நம்பர் தையல்காரம்மா வெலவெலத்துப் போவாள். "ஐயா, நிஜந்தான்யா! ஜன்னலுக்குக் கீழதான்!"

கூட்டம் வாயைப் பிளக்கும், சத்தமில்லாமல்தான். உடனே ஒரு தாமிர ஆணி விலைக்கு வரும். விரிசலுக்கு ஓர் ஆணி. அந்த ஆணி ஊரில் எந்த இரும்புக்கடையிலும் கிடைக்காது, வெள்ளைக் காரின் டிக்கியில் மட்டுமே கிடைக்கும். அதைச் சுவரில் சுத்தியலால் அடிக்கும்போது மட்டும் மலைக்குத் தூக்கம் கெடாது.

இந்தக் கூத்து தொடங்கியது போன மழைக்காலத்தில். சரிவை வெட்டிப் படிப்படியாகக் கட்டிய நாற்பது வீடுகள். முதல் மழைக்கே சுவரெல்லாம் கோடு கோடாகப் பிளந்தது. சனங்கள் நகராட்சிக்கு மனு எழுதினார்கள். மண்ணைச் சோதிக்கும் பொறியாளரை அனுப்ப வேண்டும் என்பது விதி. பொறியாளர் வந்தால் மண்ணைத் தோண்டுவார், அறிக்கை எழுதுவார், இங்கே வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார் என்றுகூடக் கேட்டுத் தொலைப்பார். நகராட்சித் திட்ட அதிகாரி விவரமானவர். மலைச்செவியாரை அனுப்பினார்.

மலைச்செவியார் குழல் வைத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். குற்றம் மண்ணிலும் இல்லை, கட்டியவரிடமும் இல்லை, அனுமதி கொடுத்தவரிடமும் இல்லை. குடியிருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள், அதனால் மலை புரண்டு படுக்கிறது. அன்றிலிருந்து குக்கர் மூன்று விசிலுக்கு மேல் அடிக்கக் கூடாது. பிள்ளைகள் கயிறு தாண்டக் கூடாது. வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. அடிவாரத்தில் இரண்டாம் கட்ட வீடுகளுக்காக பில்டரின் பொக்லைன் காலையிலிருந்து மாலைவரை மலையின் காலைக் குடைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம்? அது மலைக்குத் தாலாட்டாம்!

முப்பத்தெட்டாம் வீடு, மேல் வரிசை. அங்கே இருந்தாள் கண்ணாடிக்காரி. டவுனில் ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள். புருஷன் பஸ் கண்டக்டர். ஆறு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை ஒரு வருஷமாகக் கிசுகிசுத்தே பேசிப் பேசி, பள்ளிக்கூடத்திலும் கிசுகிசுக்கிறது. "உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதும் கோளாறா?" என்று டீச்சர் கேட்டாள்.

படுக்கையறைச் சுவரில் விரிசல். மகள் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே. மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். பொறியாளர் வந்து பார்த்தாக வேண்டும் என்று அவள் நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்தாள். பொறியாளர் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது.

"முப்பத்தெட்டாம் நம்பர்! படுக்கையறை, வடக்குச் சுவர். அந்த வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் வாய் நீளம்!"

கண்டக்டர் வீட்டுக்கு வந்தும் புல்லரிப்பு அடங்கவில்லை. "பாத்தியா? வடக்குச் சுவர்னு திசையோட சொல்றார்! வீட்டுக்குள்ள காலே வைக்காத மனுஷன்!"

கண்ணாடிக்காரி காலை வெயில் வரும் ஜன்னலைப் பார்த்து நின்றாள். விரிசல் அவளுடைய வலக்கைப் பக்கம் இருந்தது. திசை விஷயத்தில் அவள் சின்ன வயதிலிருந்தே மக்கு. விரலை மடக்கி மடக்கி இரண்டு தடவை சரிபார்த்தாள்.

"ஏங்க, இது தெக்குச் சுவருங்க."

"அதனால என்ன?"

"மனுவுல நான்தான் தப்பா வடக்குன்னு எழுதிட்டேன். மலையும் அதே தப்பைப் பண்ணுது."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தான். "உனக்கும் மலைக்கும் ஒரே வாத்தியாரா இருக்கும்," என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனான்.

அவள் விடவில்லை. கடையில் கழிவுக் கண்ணாடி வாங்கிப்போகும் கொத்தனார் ஒருவர் முன்பு சொல்லிக் கொடுத்த வேலை ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. விரலகலக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்டில் பதிக்க வேண்டும். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். முடியளவு நகர்ந்தாலும் பட்டென்று உடையும். தன் வீட்டிலும் தையல்காரம்மா வீட்டிலுமாக ஆறு துண்டுகளைப் பதித்து, கண்ணாடி வெட்டும் ஊசியால் தேதியைக் கீறி வைத்தாள்.

குடியிருப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஆறில் நான்கு உடைந்தன. அவள் புதிதாகப் பதித்தாள். அடுத்த வாரம் பொக்லைன் பழுதாகிப் பட்டறைக்குப் போனது. அதே வாரம் தையல்காரம்மாவுக்குப் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. மலையாவது மண்ணாவது என்று மிஷினைக் கடகடவென்று ஓட்டித் தள்ளினாள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பொக்லைன் திரும்பி வந்த அன்று மாலைக்குள் இரண்டு போயின.

"அக்கா, அப்ப என் மிஷின் ஒண்ணும் பண்ணலையா?" என்று தையல்காரம்மா கேட்டாள். ஒரு வருஷமாக அக்கம்பக்கத்து வீடுகள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உன் மிஷின் பாவாடைதான் தச்சுது. மலையைக் கிழிக்கிறது கீழ இருக்கிற மிஷின்."

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்!"

"நாம சொன்னா யார் கேப்பா? மலையே சொல்லட்டும்," என்றாள் கண்ணாடிக்காரி.

மறுநாள் அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மனுப் பிரிவு மேசையில் ஒரு குமாஸ்தா இருந்தார். மனுவைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. முத்திரை குத்தினார், தேதி போட்டார், ஒரு தட்டில் எறிந்தார். கார்பன் நகலிலும் முத்திரை வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். முணுமுணுத்துக்கொண்டே அதிலும் குத்தினார். மனு இதுதான்: "வீட்டு எண் 41. சமையலறை மேற்குச் சுவரில் விரிசல். கதவு சாத்த முடியவில்லை."

அந்த வெள்ளிக்கிழமை விசேஷ வெள்ளிக்கிழமை. இரண்டாம் கட்ட விற்பனை தொடக்கம். பந்தல், மேசை, நாற்காலி, பில்டர், நடுவில் திட்ட அதிகாரி. அவர் மடியில் நாற்பது 'அமைதிச் சான்றிதழ்'. மலை பத்திரமாக இருக்கிறது என்று அச்சடித்து, கீழே பெரிய கையெழுத்து. வாங்கிக்கொண்டால் இனி யாரும் விரிசலைப் பற்றி மனுப் போட முடியாது. அதையும் அச்சடித்திருந்தார்கள், கொஞ்சம் பொடி எழுத்தில்.

மலைச்செவியார் குழலை ஊன்றினார். கண்ணை மூடினார். முகம் கோணியது.

"ஐயோ... என்ன சண்டை! என்ன சண்டை! நாற்பத்தொன்றாம் நம்பர் வீடு!"

கூட்டம் நடுங்கியது.

"சமையலறை, மேற்குச் சுவர். புருஷன் தட்டைத் தூக்கி எறியறான். பொண்டாட்டி நாக்கோ, கேக்கவே வேணாம்! கதவை அறைஞ்சு அறைஞ்சு, இப்போ கதவே சாத்தமாட்டேங்குது! மலை என்கிட்ட அழுவுது! அந்த வீட்டுக்காரங்க முன்னால வந்து மன்னிப்புக் கேக்கணும்!"

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யார் அந்தச் சண்டைக்கார ஜோடி? யாரும் முன்னால் வரவில்லை.

"அவங்களுக்கு நாலு ஆணி!" என்றார் மலைச்செவியார், கோபமாக.

கண்டக்டருக்குத் தலை எண்ணுவதே தொழில். ஓடும் பஸ்ஸில் அறுபது பேரை ஒரே பார்வையில் எண்ணுகிறவன். கை தானாக எழுந்தது. கீழ் வரிசையிலிருந்து விரலை நீட்டி எண்ணிக்கொண்டே மேலே போனான். மேல் வரிசைக் கடைசியில் நின்றான். மறுபடி எண்ணினான்.

"ஐயா," என்றான் மெதுவாக, "நாப்பதுதானே இருக்கு?"

"சரியாப் பாருப்பா!"

"ரெண்டு தடவை எண்ணிட்டேங்க. நாப்பதுக்கு அப்புறம் தடுப்புச் சுவர்தான். அதுக்குச் சமையலறை கிடையாதுங்க."

அப்புறம் ஒரு சிரிப்பு கேட்டது. கண்டக்டரின் மகள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியச் சிரித்தது. பக்கத்தில் நின்றவள் பதறி அதன் வாயைப் பொத்தப் போனாள். கண்ணாடிக்காரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "சிரிக்கட்டும் விடுங்க!" என்றாள், வாய்விட்டு, சத்தமாக.

நானூறு பேரும் மலையைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு இருந்தது.

மலைச்செவியார் சமாளித்தார். "அது... இனிமே கட்டப்போற வீடு! மலைக்கு எதிர்காலமும் தெரியும்!"

"கட்டாத வீட்டுல எந்தத் தட்டைத் தூக்கி எறிஞ்சாங்க?" என்று கேட்டபடி கண்ணாடிக்காரி பந்தலுக்குள் நுழைந்து, கார்பன் நகலை அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்த நாப்பத்தொண்ணு நான் எழுதினது சார். உங்க ஆபீஸ் முத்திரை. செவ்வாய்க்கிழமை உங்க மனுப் பிரிவு மேசையில கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இவர் குழல் வழியா வருது. நடுவுல மலை எங்க சார் வந்துச்சு?"

அதிகாரி கைக்குட்டையைத் தேடினார். "அது வந்தும்மா... அலுவலக நடைமுறை..."

"நாங்க பொறியாளருக்கு எழுதின மனுவையெல்லாம் எடுத்து இவருக்கு ஜோசியம் சொல்லக் கொடுத்திருக்கீங்க. என் பொண்ணு தலைக்கு மேல சுவர் பிளக்குது சார்!" தேதி கீறிய கண்ணாடித் துண்டுகளை மேசையில் கொட்டினாள். "இது நாங்க ஊமையா இருந்த வாரம், நாலு உடைஞ்சுது. இது பொக்லைன் பட்டறையில இருந்த வாரம், ஒண்ணும் உடையலை. மலையோட பாஷை இதுதான். இதுக்குக் குழல் வேணாம்."

தையல்காரம்மா பெருமையாகக் கத்தினாள்: "அந்த வாரம் பூரா நான் மிஷின் ஓட்டினேன்!"

அப்புறம் பாருங்கள், ஒரு வருஷத்துச் சத்தம் மொத்தமும் வெளியே வந்தது. மலைச்செவியார் "மலை கோவிக்கும், மலை கோவிக்கும்" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவர் காருக்கு ஓடினார். டிக்கி திறந்தபடியே கார் போனது. வழியெல்லாம் ஆணி சிந்தியது.

அதிகாரியால் ஓட முடியவில்லை. அவரைச் சுற்றி நாற்காலிகள், நாற்காலிகளைச் சுற்றிச் சனம். "மேலிடத்தைக் கேக்கணும்," என்றார். "சான்றிதழ்ல கையெழுத்துப் போடும்போது மேலிடத்தைக் கேட்டீங்களா?" என்றான் கண்டக்டர். சான்றிதழ் ஒன்றைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்திலேயே எழுதச் சொன்னார்கள். மலையை வெட்டும் வேலை இன்றே நிற்க வேண்டும். பொறியாளர் நாளை வர வேண்டும். மழை முடியும்வரை மேல் வரிசைக்காரர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்க வேண்டும். அதிகாரி பெயர், பதவி, தேதியுடன் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்தது.

பொறியாளர் வந்தார். மேல் வரிசையைப் பார்த்தார். மாலைக்குள் காலி செய்யுங்கள் என்றார், பேச்சை நீட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் மழை பிடித்தது. மழையின் மூன்றாம் நாள் பிற்பகல் மேல் வரிசை எட்டு வீடுகளும் கீழே வந்தன. முப்பத்தெட்டும் போயிற்று. கட்டில், குக்கர், தேதி கீறிய கண்ணாடிகள் எல்லாம் மண்ணோடு மண். உள்ளே ஓர் உயிர்கூட இல்லை. கண்ணாடிக்காரி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். ஆசையாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. உள்ளே வகுப்பறையில் மகள் மற்ற பிள்ளைகளோடு கூச்சல் போட்டுக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம்தான் அவளுக்குத் தெம்பு கொடுத்தது.

நகராட்சி மறுநாளே அறிக்கை ஒட்டியது: 'இயற்கையின் சீற்றம். யாரும் பொறுப்பல்ல.' மலைச்செவியார் ஓடிப் போனாலும் குழலை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் போலும்!

கண்ணாடிக்காரி புது மனு எழுதினாள். "இயற்கை என்பவர் உங்கள் அலுவலகத்தில் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார்? மலையை வெட்ட அனுமதித்த தாளில் இருப்பது அவர் கையெழுத்தா? இல்லையென்றால் யாருடையது? பெயர், பதவி தேவை." நாற்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு நகலோடு மனுப் பிரிவின் முன்னால் வரிசையில் நின்றார்கள். முத்திரை வாங்காமல் நகர்வதாக இல்லை. ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு குரல்.

குமாஸ்தா எரிந்து விழுந்தார். "சத்தம் போடாதீங்கம்மா! இது ஆபீஸ்!"

"ஏன் சார்," என்றான் கண்டக்டர், "இதுவும் சரிஞ்சிடுமா?"

உங்களையும் யாராவது சத்தம் போடாதே என்று சொன்னால், வாயை மூடுவதற்கு முன் ஒருமுறை எட்டிப் பாருங்கள், கீழே யார் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று.