ஹெட்கிளார்க்கின் தலைக்கவசம்

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கூரை இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூரை எப்போதும் மேலேயே இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே அந்தக் கல்லூரி அலுவலகத்தின் கூரை, தனக்குத் தோன்றியபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டிருந்தது. அதிலும் ஹெட்கிளார்க்கின் மேஜைமேல் அதற்குத் தனிப் பிரியம்.

பாவம், மனுஷன் பயந்த சுபாவம். ஒருநாள் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, அவர் காதை உரசிக்கொண்டு வந்து டீ கிளாஸை நொறுக்கியது. அன்று மாலை அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"மேஜையை நகர்த்தாம நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க. எனக்கு உங்க தலை முழுசா வேணும்."

மறுநாள் 'தலை போய்விடும்' என்று ஒரு மனு எழுதிக்கொண்டு பிரின்சிபால் முன்னால் போய் நின்றார்.

"நகர்த்தறதா? ஹெட்கிளார்க் சீட் ஃபேனுக்குக் கீழேன்னு பிளான்லயே இருக்குய்யா. நகர்ந்தா நீர் ஹெட்கிளார்க்தானான்னு கேள்வி வரும்."

"அந்த ஃபேனே ஆடுது சார்."

"ஆடினா நாலு பக்கமும் காத்து வருமே!"

இருந்தாலும் நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 'அபாயம்! இங்கு யாரும் நிற்கக் கூடாது' என்று மேஜைக்கு மேலே போர்டு மாட்டியது. ஹெட்கிளார்க் மறுபடி ஓடினார்.

"சார், என் நாற்காலி அங்கேதானே இருக்கு?"

"நிக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நீர் உட்காரும். யார் வேணாம்னா?"

கடைசியில், ஊழியர் உயிர்மீது நிர்வாகம் கொண்டுள்ள அளவற்ற அக்கறையின் அடையாளமாக, மஞ்சள் நிறத்தில் ஒரு ஹெல்மெட் வந்தது. முன்பக்கம் சிவப்பு எழுத்தில் 'ஹெட்கிளார்க்' என்று பதவிப் பெயர்.

முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டுதான் மாட்டினார். ஆனால் பாருங்கள், நேற்றுவரை 'என்னய்யா, சர்ட்டிபிகேட் இன்னும் ரெடியாகலையா?' என்று எகிறிய பெற்றோர்கள் 'ஐயா' என்று பம்மினார்கள். அன்று ஹெல்மெட்டுடனேயே வீட்டுக்குப் போனார். மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"கழட்டாதீங்க, எடுப்பாத்தான் இருக்கு" என்று சொல்லி, எதிர்வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைத்தாள். மேஜைப் பேச்சை அதோடு மறந்துவிட்டாள்.

கேஷியருக்கு வயிறு எரிந்தது. வெயிலோ மழையோ, குடையைக் கக்கத்தில் இடுக்காமல் நடக்காத மனிதர் அவர். தனக்கும் ஒரு ஹெல்மெட் கேட்டார். 'தங்கள் தலைக்கு மேலுள்ள கூரை நல்ல நிலையில் இருப்பதால் தலைக்கவசம் பெறத் தாங்கள் தகுதியற்றவர்' என்று பதில் வந்தது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நாற்காலிமேல் ஏறி, குடைமுனையால் கூரையை நோண்டினார். சாயங்காலத்துக்குள் தகுதி பெற்றுவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா சும்மா இருப்பாளா? ஒட்டடைக் கொம்பை எடுத்தாள். கொஞ்ச நாளில் அலுவலகம் மொத்தமும் தகுதி பெற்றது. பிரின்சிபாலும், மேற்பார்வை நிமித்தம், வெள்ளையில் ஒன்று மாட்டிக்கொண்டார்.

இந்த நல்ல நேரத்தில்தான், அந்தப் பழைய மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, கூரையைச் சரிசெய்ய இன்ஜினியர் வந்து சேர்ந்தார்.

"சிமெண்ட், கம்பி எல்லாம் வந்தாச்சு. நாளைக்கே வேலை ஆரம்பம். கூரை சரியானதும் ஹெல்மெட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துடணும். விதி."

ஹெட்கிளார்க் மேலே பார்த்தார். துருப்பிடித்த கம்பிகள் பல்லைக் காட்டின. உடைந்த டீ கிளாஸ் ஞாபகத்துக்கு வந்தது. கை தானாகப் போய்ச் சிவப்பு எழுத்தைத் தடவிப் பார்த்தது.

"அப்படி ஒண்ணும் மோசமில்லை சார். ஏதோ அளவாத்தான் விழுது."

"தலை போயிடும்னு எழுதினதே நீங்கதானேய்யா?"

"அது தலை வெறுமனே இருந்த காலம் சார்."

எல்லாரும் ஆமோதித்து, 'கூரைக்கு ரிப்பேர் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு, சிமெண்டை வண்டியில் ஏற்றித் திருப்பிக்கொண்டு போனார்.

இந்த வெற்றியைக் கொண்டாட வெளியே மரத்தடியில் ஹெல்மெட்டோடு குரூப் போட்டோ எடுக்க ஏற்பாடாயிற்று. போட்டோக்காரர் "சிரிங்க" என்றார். சிரித்தார்கள். உள்ளே 'தடார்!'

புழுதி அடங்கியதும் எட்டிப் பார்த்தார்கள். கூரை, ஃபேன், அபாய போர்டு எல்லாம் ஹெட்கிளார்க்கின் மேஜைமேல் கிடந்தன. நாற்காலி அப்பளமாகியிருந்தது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அவ என் தலையை முழுசாக் கேட்டாளே..." என்று முனகினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிரின்சிபால் தொண்டையைச் செருமினார். அப்போதும் சுற்றறிக்கை நடை தவறவில்லை. "இனி விழுவதற்குக் கூரை இல்லாத காரணத்தால், ஹெல்மெட்டுகளை அனைவரும் உடனடியாகத் திருப்பி ஒப்படைக்க..."

ஹெட்கிளார்க் சடாரென்று எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க சார். சுவர் இன்னும் நிக்குதே!"

கேஷியர் அதற்குள் குடையோடு சுவர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.