கைதட்டுகிற பொம்மை

முதுகுவலி இடுப்பில் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் ஏறியிருந்தது. தூணு தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். மனைவி அவன் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் இருந்த செல்போனுக்குள் மஞ்சள் நிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று, இரண்டு இரும்புக் கைகளையும் நீட்டிக்கொண்டு சுவரைப் போய் முட்டிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் திருப்புங்க."

"திருப்பறேன்ல."

"அது வலது."

"நீ முதுகைப் பாரு."

வண்டி மறுபடியும் முட்டியது. போன் ஒரு பாட்டை வாசித்தது. கண்ணீர் விடுகிற பொம்மை ஒன்று வந்து, பாடத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னது.

இரண்டு மூட்டையை ஒன்றாகத் தோளில் ஏற்றினாலும் அசையாமல் நிற்பான் என்று குடோன்காரர்கள் வைத்த பெயர்தான் தூணு. பெயர் நின்றுவிட்டது. ஆள்தான் சாய்ந்துவிட்டான். சோப்புத்தூள் மூட்டையோடு போன மாதம் ஒருநாள் குனிந்தவன் நிமிரவில்லை. நான்கு பேர் சேர்ந்து அவனைக் குனிந்தபடியே தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் வைத்தார்கள்.

சூப்பர்வைசர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "உன் முதுகு முடிஞ்சுபோச்சு. உன்னை வெச்சுக்கிட்டு நான் அழகு பார்க்க முடியாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கத்துக்கோ. மாசக் கடைசிக்குள்ள பாஸ் பண்ணினா உட்கார்ந்து பார்க்கிற வேலை. இல்லேன்னா கேட் அந்தப் பக்கம்."

கற்றுக்கொள்வது என்றால் நிஜ வண்டியில் இல்லை. போனில். கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் பயிற்சி அம்மா ஒருவர் இருந்தார். "பாடமெல்லாம் விளையாட்டு மாதிரியே இருக்கும், சிரிச்சுக்கிட்டே கத்துக்கலாம்" என்று போனில் சொன்னார். தூணு இதுவரை சிரிக்கவில்லை. மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தால், ஒரு பொத்தானுக்குப் பதில் மூன்று பொத்தான் அமுங்கியது.

பாட்டு ஐந்தாவது முறையாக வந்தபோது மனைவி தைலப் புட்டியை ணங்கென்று தரையில் வைத்தாள். அவள் தையல்காரி.

"காலையிலேர்ந்து மிஷின் சத்தம். இப்போ இது வேறயா? அந்த வாயை அடைங்க முதல்ல."

தூணு போனின் சத்தத்தை முழுவதுமாக அடைத்தான். வீடு அமைதியானது. சத்தம் போனதும் பதற்றமும் போனது. பெல்ட் போடுவது, பிரேக் பிடிப்பது, ஆள் வந்தால் ஒதுங்குவது என்று முதல் ஐந்து பாடங்களையும் அந்த வாரத்துக்குள் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டான்.

"பார்த்தீங்களா? வாயை அடைச்சா எல்லாமே நடக்கும்" என்றாள் மனைவி. அதைப் போனைப் பார்த்துச் சொன்னாளா அவனைப் பார்த்துச் சொன்னாளா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

குடோனில் அப்போது எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். ஆளில்லாத வண்டி ஒன்று வந்து இறங்கியிருந்தது. சாம்பல் நிறம். சீட்டே கிடையாது. பகலில் மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டு சாதுவாக நிற்கும். ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலத்தில் தானாகவே கிளம்பி வேலை பார்க்குமாம்.

"உள்ள கம்ப்யூட்டர் மூளை இருக்காம்" என்றான் தூணுவோடு மூட்டை தூக்குகிற ஒல்லி.

"மூளை இருந்தா இங்க ஏன் வேலைக்கு வருது?" என்றான் தூணு. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் வண்டியைக் கடந்து போகும்போது கொஞ்சம் தள்ளியே போனார்கள்.

ஆறாவது பாடத்தில் படம் மாறியது. பெரிய குடோன், நீளநீளமான வரிசைகள், ஊதா நிற மூட்டைகள். தொடக்கத்தில் ஒரு பெண் பொம்மை வந்து ரொம்ப நேரம் வாயை அசைத்தது. என்ன சொன்னதோ! கடைசியில் 'சரி' என்று பச்சைப் பொத்தான் வந்தது. தூணு அமுக்கினான்.

இந்தப் பாடத்து வண்டி சோம்பேறியாக இருந்தது. விரலை அசைத்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் அவன் இன்னொரு தடவை அசைத்துவிடுவான். யோசித்து முடித்த வண்டி, இரண்டு தடவைக்கும் சேர்த்துத் திரும்பி வரிசையில் போய் இடிக்கும். ஊதா மூட்டைகள் சத்தமில்லாமல் பொலபொலவென்று விழுந்தன.

"எவ்வளவு அழகா விழுது பாரேன்" என்றான் தூணு.

"நெஜமாவே விழுற மாதிரி வரைஞ்சிருக்கான்" என்று மனைவியும் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குடோன் ஷட்டரைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மூன்றாம் வரிசை முழுக்கத் தரையில் கிடந்தது. கிழிந்த மூட்டைகளிலிருந்து சோப்புத்தூள் கொட்டி, கணுக்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பரவியிருந்தது. சாம்பல் வண்டி மூலையில் ஒன்றும் தெரியாத மாதிரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தொடங்கி விடியும்வரை காவலுக்கு இருக்கிற வாட்ச்மேன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. தும்மிக்கொண்டே வந்தார். "கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு. காதுல வாங்கினாத்தானே! செவிட்டு ஜென்மம்."

"எல்லாத்தையும் அடுக்குங்க" என்றார் சூப்பர்வைசர். "மத்தியானத்துக்குள்ள லாரி வருது."

தூணுவும் அடுக்கினான். ஒவ்வொரு மூட்டைக்கும் முதுகு ஒரு தடவை கேள்வி கேட்டது. கடைசி மூட்டையை வைத்துவிட்டு, ரேக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சபதம் போட்டான்.

"அந்த மூளைக்குப் பின்னாடி எவனோ ஒருத்தன் இருப்பான்ல? கையில கிடைக்கட்டும். விழுந்த வரிசையெல்லாம் அவன் முதுகுலயே ஏத்தி அடுக்க வைக்கலேன்னா என் பேரு தூணு இல்ல!"

ஆட்கள் விசில் அடித்தார்கள். வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்ன சொல்லை மறந்துடாதே" என்றார்.

அன்று சாயங்காலம் போனைப் பிடிக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். தம்பி பக்கத்துத் தெருவில் முடி வெட்டுகிறவன். பூ மாதிரி விரல்.

"குடு மாமா. காது மடலைச் சுத்திக் கத்தி போடுற கை இது. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?"

"பார்த்து ஓட்டு மாப்ளே. மெதுவா."

"மெதுவா வெட்டுறவன் கடையில கூட்டம் வருமா?"

மச்சினன் பிடித்த பிடியில் வண்டி பறந்தது. தூணு இத்தனை நாளில் பார்க்காத நட்சத்திரங்களெல்லாம் திரையில் கொட்டின. கொஞ்ச நேரத்தில் விளையாட்டின் சூட்சுமத்தையும் அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"மாமா, இதுக்கு முன்னாடிதான் கண்ணு. பின்னாடி என்ன விழுந்தாலும் மார்க் குறைக்கலை. ரிவர்ஸ்ல எதை வேணா இடிச்சுக்கலாம்."

"அப்படியா? அப்போ இடி."

"இன்னொண்ணு. எவ்வளவு உயரத்துல வைக்கிறோமோ அவ்வளவு நட்சத்திரம். அதோ பார், கேட்டுப் பக்கம் ஒரு பிரவுன் பெட்டி தனியா கிடக்கு."

பிரவுன் பெட்டியை இரும்புக் கைகள் அள்ளின. அப்போது வரிசைகளுக்கு நடுவிலிருந்து குட்டி மனிதப் பொம்மை ஒன்று ஓடிவந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி ஆட்டிக் குதித்தது.

"யாருடா இவன்?"

"கைதட்டுறான் மாமா! நாம நல்லா ஓட்டுறோம்ல, உற்சாகப்படுத்துறான்."

பெட்டி உயர உயரப் பொம்மை இன்னும் உயரமாகக் குதித்தது. உச்சி ரேக்கில் பெட்டியை வைத்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது.

"பாவம், கைதட்டிக் களைச்சுப் போயிட்டான்" என்றாள் மனைவி.

வலியை மறந்து தூணு அன்றுதான் சிரித்தான். பயிற்சி அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் இரண்டு வரிசை விழுந்திருந்தது. அதோடு வாட்ச்மேனின் நாற்காலியையும் காணவில்லை. ஒரு கால் உடைந்து, கம்பி போட்டுக் கட்டி, வெகுகாலமாக அவர் உட்கார்ந்து வருகிற நாற்காலி. ஒல்லிதான் முதலில் அண்ணாந்து பார்த்தான். உச்சி ரேக்கில், கூரையை ஒட்டி, நாற்காலி யாரோ மேலே ராஜா உட்காரப் போகிற மாதிரி நிமிர்ந்து இருந்தது. ஏணி எட்டாது. வண்டியை வைத்து இறக்கலாம்; ஆனால் அந்த வண்டிக்குப் பக்கத்தில் போக யாருக்கும் தைரியமில்லை.

"பொழுது பூரா நின்னுக்கிட்டே காவல் பார்க்கணுமாய்யா நான்?" என்றார் வாட்ச்மேன்.

கொட்டிக் கிடந்த தூளைக் கூட்டி மாளவில்லை. சூப்பர்வைசர் பொறுமை இழந்து, "தண்ணியை அடிச்சுக் கழுவி விடுங்கடா" என்றார்.

அது சோப்புத்தூள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. குழாயைத் திறந்ததும் நுரை எழும்பியது. முழங்காலைத் தொட்டது. ஷட்டருக்கு வெளியே தெருவில் இறங்கியது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பொங்கியது. நடுவில் தூணுவின் கால் வழுக்கியது. நுரைக்குள் மூழ்கிய அவனை, எங்கே இருக்கிறான் என்று தடவித் தடவித்தான் எடுத்தார்கள்.

அதே நிலையில் பெஞ்சில் கிடந்தபோது போன் வந்தது. பயிற்சி அம்மா.

"வாழ்த்துகள்! எல்லாக் கிளையிலேயும் சேர்த்து நீங்கதான் முதல் மார்க். நான் நாளைக்கு நேர்ல வர்றேன்."

தூணுவுக்குப் பகீரென்றது. நேரில் வந்து "ஓட்டிக் காட்டு" என்றால்? பாஸ் பண்ணின கை முடி வெட்டிக்கொண்டிருக்கிறதே!

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கை சுளுக்குன்னு சொல்லிடு மாமா. கட்டுப் போட்டுக்கிட்டா யாரு ஓட்டச் சொல்லுவாங்க?"

மனைவி ஒரு பழைய திரைச்சீலையை வெட்டிக் கழுத்தில் தொங்குகிற மாதிரி தூக்கு தைத்துக் கொடுத்தாள். பூப்போட்ட துணி. அதில் கையைப் போட்டுக்கொண்டு குடோனுக்குள் நுழைந்த தூணுவை சூப்பர்வைசர் மேலும் கீழும் பார்த்தார்.

"முதுகு போச்சு. இப்போ கையும் போச்சா? நாளைக்கு எதைக் கழட்டிட்டு வரப்போறே? இந்தக் கையை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுவியா நீ? கணக்கை முடிச்சுக்கோ."

"சார், கை சரியாயிடும் சார். இப்பவே சரியாயிடுச்சு சார்." தூணு கையை வெளியே எடுத்து நீட்டிக் காட்டினான். அப்படி நீட்டும்போதுதான் பயிற்சி அம்மா உள்ளே வந்தார். வந்தவர் அவன் நீட்டியிருந்த கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானா அவர்? எல்லாரும் வாங்க, இவர் ஓட்டினதைக் காட்டுறேன்."

ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒல்லி மூட்டைமேல் ஏறிக்கொண்டான். ஷிஃப்ட் முடிந்தும் கிளம்பாத வாட்ச்மேன் தன் நாற்காலியை அண்ணாந்து பார்த்தபடி ஓரமாக நின்றார். அந்த அம்மா பையிலிருந்து பெரிய டேப்லெட் ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். மஞ்சள் வண்டி பறந்தது. நட்சத்திரங்கள் கொட்டின.

"என்ன வேகம்!" என்றான் ஒல்லி.

சூப்பர்வைசரின் முகம் மாறியது. "இவ்வளவு தெறமையை உள்ளயே வெச்சிருந்தியா? சொல்லக் கூடாதா?"

ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. கணக்கை முடிக்கச் சொல்லவில்லை. தூணுவுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது.

"இதோ பாருங்க, இவன்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சவன். பெட்டியைத் தூக்குறோம் பாருங்க, உடனே வந்து கைதட்டுவான்."

"எங்களுக்கா?" என்றார் அந்த அம்மா.

"எனக்குங்க. எனக்கு."

"கைதட்டுற பொம்மைன்னு நாங்க எதையும் வரையலையே." அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆறாவது பாடம் தொடங்கும்போது ஒரு பொண்ணு வந்து பேசுமே, என்ன சொல்லிச்சு?"

"தெரியாதும்மா. வீட்டுல தலைவலின்னு சத்தத்தை அடைச்சு வெச்சிருந்தோம்."

அந்த அம்மா எல்லாருக்கும் தெரிகிற மாதிரி டேப்லெட்டைத் திருப்பினார். பிறகு அதன் ஓரத்தில் எதையோ தொட்டார்.

வரைந்திருந்த வண்ணமெல்லாம் கழன்று விழுந்தது. மஞ்சள் வண்டியின் இரும்புக் கைகள் சாம்பல் நிறமாயின. ஊதா மூட்டைகளில் சோப்புத்தூள் கம்பெனியின் முத்திரை தெரிந்தது. பிரவுன் பெட்டிக்கு நான்கு கால்கள் முளைத்தன. அதில் ஒன்று கம்பி போட்டுக் கட்டியிருந்தது. குதித்துக்கொண்டிருந்த பொம்மைக்கு மீசை வந்தது, காக்கிச் சட்டை வந்தது, கையில் டார்ச் வந்தது.

ஒல்லி மூட்டையிலிருந்து மெல்ல இறங்கினான். மூன்றாம் வரிசையைத் தோளில் சுமந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தூணுவின் பக்கம் திரும்பினார்கள்.

வாட்ச்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது கைதட்டல் இல்லடா தூணு, வண்டியை நிறுத்துடான்னு உன்னைப் பார்த்து நான் கத்தினது. விழுந்த வரிசையை இவங்க வசூல் பண்ணிக்கட்டும். என் நாற்காலி இன்னும் பாக்கி."