விளக்குப் பெட்டிக்குள் போன லேப்டாப்

திருப்பூரில் மழை பெய்தால்கூட, "மொதல்ல ஒரு சாம்பிள் காட்டுங்க" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் அப்ரூவல் அண்ணன்தான். பனியன் கம்பெனியில் எனக்கு மேனேஜர். எதற்கும் லேசில் அப்ரூவல் தரமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

எந்த ஆர்டர் தையலில் நிற்கிறது, எது சாயப்பட்டறையில் கிடக்கிறது என்று எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. "வியாழக்கிழமைக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் லீவு இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. வெள்ளிக்கிழமை காலை தாராபுரத்தில் என் மகளுக்குக் காதுகுத்து. என் லீவ் லெட்டர் அண்ணன் மேசையில் கிடந்தது.

செவ்வாயன்று வந்த சாஃப்ட்வேரில், தாமதமான வேலைகள் சிவப்பில் தெரிந்தன. அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், வெயில், கடை என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றித் துணியின் நிறம் சரிபார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"சார், இது துணி இல்ல சார்!" என்று அலறினார் விற்க வந்தவர்.

"இருக்கட்டுமுங்க. வெயில் லைட்ல செவப்பு, கடை லைட்ல ஆரஞ்சு. ஷேடு மாறுதுங்க. ரிஜெக்ட்."

புதன்கிழமை வந்ததற்கு, துணிக்குச் செய்வதுபோல் சலவைச் சோதனை. அதாவது, செக்கிங் பிரிவு சரசு அக்கா கையில் கொடுத்து, கண்டபடி அமுக்கச் சொன்னார். பத்தே நிமிஷம்.

"ஏனுங்ணா, உள்ள இருந்த ஆர்டரையே காணோமுங்க!"

"சாயம் போகுது. ரிஜெக்ட்."

வியாழன் காலை மூன்றாவது, கடைசி. மதியம் மறுபடியும் விளக்குப் பெட்டி. சிவப்பு மாறுவது என் கண்ணுக்கே தெரிந்தது. காதுகுத்து போச்சு என்று நினைத்தேன்.

"அப்ரூவ்டு" என்றார் அண்ணன்.

"ஏனுங்ணா, ஷேடு மாறுதுங்களே?" வாய் சும்மா இருந்தால்தானே!

"மாறினா மாறிட்டுப் போகுது. மூணுலயும் ஒரே வேலையத்தான் போட்டுப் பாத்தேன் கண்ணு. உம்பட புள்ளைக்குக் காதுகுத்து, உன்னைய அனுப்பி வெக்கோணும்னு. மொதலாவது கம்முனு கெடந்துச்சு. ரெண்டாவதுல சரசு அதையும் சேத்து அழிச்சுப்போட்டா. இது ஒண்ணுதான் காலையிலிருந்து நாலு தடவ என்னைய நச்சரிச்சுச்சு. கெளம்பு."

அண்ணன் ஓய்வு பெற்றுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் பார்த்த வேலைகள் இப்போது என் பெயரில். மகள் ஜிமிக்கியே போடுகிறாள். ஆனாலும் அந்தச் சாஃப்ட்வேர் தினமும் காலையில், 'காதுகுத்து, அனுப்பி வைக்க வேண்டும்' என்று சிவப்பில் நச்சரிக்கிறது. முடிந்தது என்று குறிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.